புதிதாக வாங்கிய ஆபிரிக்கன் வயலட்டில் பூச்சியா? வன்னி வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

கண்டி, நுவரெலியாப் பக்கம் போனவர்கள் ஏ9 வீதியால் திரும்பி வரும்போது மடியில் வைத்துக் கொண்டுவருகிற செடி இது. வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ கடையில் வாங்கினாலும், அது எங்கேயோ குளிர்ச்சியான இடத்தில் வளர்ந்து, வண்டியில் சூடுபட்டு உங்கள் கைக்கு வந்திருக்கக்கூடும். இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய வயலட்டில் தெரியும் கோளாறு ஒன்றில் பூச்சியால் வந்திருக்கும், அல்லது இடம் மாறிய அதிர்ச்சியால் வந்திருக்கும். முதல் சில வாரங்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும்.

ஆபிரிக்கன் வயலட்டின் சொந்த இடம் தன்சானியாவின் உசம்பரா மலைக்காடுகள். ஜேர்மன் அதிகாரியான வால்டர் வொன் சென்போல் இலேர் 1892இல் அங்கிருந்துதான் அதை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். நிழலும் ஈரமும் நிறைந்த பாறை இடுக்குகளில் முளைக்கிற செடி. 18 முதல் 26 பாகை வரைக்கும்தான் அதற்கு இதமாக இருக்கும். எங்களுக்குச் சித்திரையிலிருந்து ஆவணி வரை பகலில் 33, 34 பாகை என்பது சாதாரணம். கச்சான் காற்று வீசத் தொடங்கினால் காற்றில் இருக்கிற ஈரமும் போய்விடும். அந்தச் சூட்டில் இலை தொங்கினால் உடனே 'பூச்சி' என்று முடிவுகட்டி மருந்து அடிக்கிறார்கள். ஏற்கெனவே களைத்துப்போன செடி அந்த மருந்தோடு முடிந்துவிடுகிறது. நான் பார்த்தவரையில் இங்கே புதிய வயலட்டுகள் சாவதற்குப் பூச்சியைவிடத் தவறான மருந்துதான் கூடுதலான காரணம். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் எது என்று உறுதிசெய்யும் வழியைச் சொல்லி, அப்புறம்தான் மருந்துக்கு வருகிறேன்.

வாங்கும் காலம் உங்கள் கையில் இருந்தால் மார்கழி முதல் மாசி வரை வாங்குங்கள். அப்போது சூடு குறைவு. செடிக்கு வெப்ப அதிர்ச்சி குறைந்தால், தெரிகிற அறிகுறி பூச்சியுடையதுதானா என்று பிரித்தறிவதும் எளிது.

அறிகுறி எதுவும் இல்லை, செடி இன்றுதான் வந்தது

இதுதான் மிக முக்கியமான கட்டம். செடி நன்றாக இருக்கிறது என்பதற்காக மற்றச் செடிகளோடு சேர்த்து வைக்காதீர்கள். வேறொரு அறையில், நேர் வெயில் படாத, வீட்டிலேயே குளிர்ந்த இடத்தில் தனியாக வையுங்கள். குறைந்தது 6 வாரம் அங்கே இருக்கட்டும். 2 மாதம் வைத்தால் இன்னும் நல்லது. பூச்சியின் முட்டை கண்ணில் படாது. அது பொரித்து, வளர்ந்து, பெருகி, செடியில் அடையாளம் காட்ட அவ்வளவு காலம் எடுக்கும்.

தனியாக வைப்பது என்றால் தூரம் மட்டும் போதாது. தண்ணீர் ஊற்றும்போது பழைய செடிகளை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியாகத் தொடுங்கள். அப்புறம் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஒரே தட்டில் தண்ணீர் வைத்துப் பல சாடிகளை நிறுத்தும் வழக்கம் இருந்தால், புதியதை அந்தத் தட்டில் சேர்க்கவே வேண்டாம். வேரில் இருக்கும் மாவுப்பூச்சி அந்தத் தண்ணீர் வழியாகவே அடுத்த சாடிக்குப் போகும். நுளம்பு வலையால் மூடி வைத்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். இலைப்பேன், அதாவது மிளகாயில் வரும் பனிப்பூச்சி, ஒரு மில்லிமீற்றர் நீளமும் நூலின் அகலமும் கொண்டது, வலைக் கண்ணுக்குள்ளால் தாராளமாகப் போகும். மெல்லிய பொலித்தீன் பையால் மூடலாம். ஆனால் வன்னி வெயிலில் மூடிய பைக்குள் செடி அவிந்துவிடும். மூடுவதானால் குளிர்ந்த அறையில் மட்டும், நாளுக்கு ஒரு தடவை திறந்து காற்றுப் படவிட்டு மூடுங்கள்.

வந்த அன்றைக்கே செய்யவேண்டியவை: விரிந்த பூவையும் மொட்டையும் கிள்ளி எடுங்கள். மனம் வராதுதான், பூவுக்காகத்தானே வாங்கினோம். ஆனாலும் இலைப்பேன் குடியிருப்பது அந்தப் பூவுக்குள்தான். பூ திரும்பவும் வரும். அடியில் பழுத்து மஞ்சளான இலைகளையும் எடுத்துவிடுங்கள். எடுத்தவற்றைப் பையில் கட்டி எறியுங்கள், முற்றத்தில் போடாதீர்கள்.

மண் மாற்றுவதை முதல் வாரத்திலேயே செய்வது என் வழக்கம். சாடியிலிருந்து செடியைக் கழற்றும்போது வேரைப் பார்க்கக் கிடைக்கிறது, அதுவே பாதிப் பரிசோதனை. செடி வந்த நாளே மிகவும் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் ஒரு வாரம் ஆறவிட்டுச் செய்யுங்கள். கலவைக்குத் தும்புத்தூளும் உமிக்கரியும் சம பங்கு போட்டால் எங்கள் ஊருக்குப் போதும். கொஞ்சம் கழுவிய ஆற்று மணல் சேர்க்கலாம். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும், இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்து எடுங்கள். மாட்டெருவும் வீட்டுத் தோட்ட மண்ணும் வேண்டாம். கூட்டெரு சேர்த்தே ஆகவேண்டும் என்றால் சமையலுக்குப் பாவிக்காத பழைய பானையில் அரைமணி நேரம் நீராவியில் அவித்து ஆறவிட்டுச் சேருங்கள். பழைய மண்ணைக் கத்தரிப் பாத்தியிலோ மிளகாய்ப் பாத்தியிலோ கொட்டாதீர்கள்.

இலைகள் எல்லாம் தொங்குகின்றன

மண்ணில் விரலை வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் கீழ்த்தட்டில் தண்ணீர் வைத்து, அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டுங்கள். மாலைக்குள் நிமிர்ந்தால் பிரச்சினை முடிந்தது.

மண் ஈரமாக இருந்தும் பகலில் தொங்கி, இரவில் நிமிர்கிறதா? அது வெப்பம். இன்னும் குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். தகரக் கூரையின் கீழ் இருக்கும் விறாந்தையைவிட, ஓட்டு வீட்டின் உள்ளறையில் கிழக்குப் பக்க யன்னல் நல்லது. மருந்து எதுவும் வேண்டாம்.

மண் ஈரமாக இருந்தும் இரவிலும் நிமிரவில்லை என்றால் செடியைச் சாடியிலிருந்து கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். அப்போது நான்கில் ஒன்றைக் காண்பீர்கள்.

தண்டின் அடி மண்ணிறமாகி, மெதுமெதுவென்று, கெட்ட மணத்தோடு இருந்தால் அழுகல். சூடும் அதிக தண்ணீரும் சேர்ந்த இடத்தில் இதுதான் வரும். அந்தத் தண்டைக் காப்பாற்றுவது அரிது. நல்ல இலையாக இரண்டு மூன்றை எடுத்துப் புதிதாக நடுவதுதான் வழி.

வேரில் சிறு பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருந்து, சாடியின் உட்சுவரிலும் வெள்ளை மெழுகு வளையம் தெரிந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண்ணுக்கு மேலே எதுவும் தெரியாமல் மாதக்கணக்கில் இருந்து செடியை மெதுவாக வற்றவைக்கும். கலவையில் இருக்கும் வெள்ளைப் பேர்லைற் மணிகளைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். விரலால் நசுக்கிப் பாருங்கள். பேர்லைற் நறநறவென்று பொடியாகும், பூச்சி ஈரமாக மசியும். செய்யவேண்டியது இதுதான்: மண் முழுவதையும் உதறி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் வேரைக் கழுவி, மிகவும் தொற்றிய வேர்களை வெட்டி, புதிய கலவையில் சிறிய சாடியில் நடுங்கள். யோகட் கப்பின் அடியில் துளை போட்டால் அளவாக இருக்கும். பழைய சாடியைக் கொதிநீரில் போட்டெடுக்காமல் திரும்பப் பாவிக்க வேண்டாம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கழற்றிப் பாருங்கள், ஒரு தடவையில் போகிற பூச்சி இல்லை இது.

வேரில் மணி மணியாக முடிச்சுகள், வேரே வீங்கினாற்போல் இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. கத்தரி, தக்காளி, வெண்டி பயிரிடுகிறவர்களுக்கு இந்த முடிச்சு பழக்கமானது. வயலட்டில் இதற்கு வைத்தியம் கிடையாது. செடியையும் மண்ணையும் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். மேலிலையொன்று மண்ணே படாமல் சுத்தமாக இருந்தால் கழுவி நடலாம்.

நான்காவது, வேர் வெள்ளையாக, நலமாக இருக்கும். அப்படியானால் பயணக் களைப்புத்தான். திரும்ப நட்டு நிழலில் வையுங்கள்.

நடுக்குருத்து இறுகி, சிறுத்து, நரைத்தாற்போல் இருக்கிறது

புதிய வயலட்டில் எனக்கு அதிகம் கவலை தரும் அறிகுறி இதுதான். மற்றப் பூச்சிகளைக் கண்ணால் காணலாம், இதற்குக் காரணமாகக்கூடிய சிற்றுண்ணியை வெறுங்கண்ணால் காண முடியாது. காரணம் மூன்றாக இருக்கலாம்.

முதலாவது சைக்கிளமன் சிற்றுண்ணி. நீளம் கால் மில்லிமீற்றர் அளவுதான். குருத்துக்குள், இலை விரிவதற்கு முன்பே இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சும். அதனால் நடுவில் வரும் இலைகள் விரியாமல் குட்டையாக, ஒன்றோடொன்று நெருங்கி, மயிர் அடர்ந்து சாம்பல் நிறமாகத் தெரியும். தொட்டால் மொறுமொறுவென்று உடையும். மொட்டு விரியாது, விரிந்தாலும் இதழ் கோணலாக இருக்கும். குளிரும் ஈரப்பதமும் இதற்குப் பிடிக்கும். மலைநாட்டுச் சூழலில் நன்றாகப் பெருகிவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். கடையில் வெளியிலைகள் அழகாக இருந்ததால் கவனித்திருக்க மாட்டீர்கள். வாங்கும்போது வெளியிலையைப் பார்க்காமல் நடுவைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது அகல் சிற்றுண்ணி. இது வெப்பமான இடத்துக்காரன். எங்கள் மிளகாய்த் தோட்டங்களில் இலை சுருள்வதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று. மிளகாய் செய்கிறவர்களுக்குத் தெரியும்: இலை மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் பனிப்பூச்சி, அதாவது இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கினால் சிற்றுண்ணி. வயலட்டிலும் அகல் சிற்றுண்ணி பிடித்தால் இளம் இலையின் விளிம்பு கீழே மடங்கும், அடிப்பக்கம் செம்பு நிறமாக மினுங்கும். இந்தச் சிற்றுண்ணிக்கு இன்னொரு பழக்கம் இருக்கிறது. வெண்ணீ என்னும் சிறிய வெள்ளை ஈயின் காலைப் பற்றிக்கொண்டு அடுத்த செடிக்குப் பயணம் செய்யும். ஆகவே செடி சுத்தமாக வந்திருந்தாலும், விறாந்தையில் அதற்குப் பக்கத்திலேயே மிளகாய்க் கன்றும் தக்காளிக் கன்றும் இருந்தால் அங்கிருந்து வரக்கூடும். வயலட் வைக்கிற யன்னலுக்கு வெளியே மிளகாய்ச் சாடி வேண்டாம்.

மூன்றாவது, பூச்சியே இல்லை, பசளை. நடுக்குருத்து இறுகியிருக்கிறது, ஆனால் மயிர்களில் செம்மஞ்சள், மண்ணிறத்தில் சிறு பளிங்குத் துகள்கள் ஒட்டியிருக்கின்றன என்றால் உரம் கூடிவிட்டது. விற்பனைக்கு வளர்க்கும்போது பூப்பதற்காக உரம் அதிகமாகப் போட்டிருப்பார்கள். அறை வெப்பத்தில் இருக்கும் மழைத்தண்ணீரை மேலிருந்து ஊற்றி, அடியால் ஓடவிட்டு மண்ணை அலசுங்கள். பின்பு 2 மாதம் உரம் போடாதீர்கள். புதிதாக வரும் குருத்து தளர்ந்து விரிந்தால் அதுதான் காரணம்.

சிற்றுண்ணியையும் உரத்தையும் பிரித்தறிய நல்ல வழி: பளிங்குத் துகள் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் குருத்தின் ஓர் இலையைக் கிள்ளி, பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மெல்ல நகரும் மங்கலான மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வேண்டாம். தெரியாவிட்டாலும் இல்லை என்று அர்த்தமில்லை. அலசிய பிறகும் மூன்று நான்கு வாரத்தில் குருத்து மாறவில்லை என்றால் சிற்றுண்ணி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிற்றுண்ணிதான் என்றால் என் தீர்ப்பு கடுமையானது. ஒரே ஒரு செடி, சாதாரண வகை என்றால் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். சாதாரண பூச்சிமருந்துகள் சிற்றுண்ணியைக் கொல்லாது, ஏனென்றால் அது எட்டுக்கால் இனம், பூச்சி இல்லை. சோப்புத் தண்ணீரும் வேப்பெண்ணெயும் இறுகிய குருத்துக்குள் போய்ச் சேராது. அருமையான வகை, இழக்க மனமில்லை என்றால் அடியில் இருக்கும் முதிர்ந்த இலையை எடுங்கள். இந்தச் சிற்றுண்ணி இளம் குருத்தில்தான் வாழும், முதிர்ந்த இலையில் அதற்கு வேலை குறைவு. இலையைக் கழுவி, காம்பை 2, 3 சென்ரிமீற்றர் விட்டுச் சரிவாக வெட்டி, ஈரமான தும்புத்தூளில் நடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் குட்டி வரும். அந்தக் குட்டியும் தனி அறையில்தான் வளர வேண்டும்.

மருந்து கொடுத்துப் பார்க்கவே வேண்டும் என்றால் அபமெக்டின் சிற்றுண்ணிக்கு வேலை செய்யும். உங்கள் கமநல சேவை நிலையத்தில் இருக்கும் விவசாயப் போதனாசிரியரிடம் அறிகுறியைக் காட்டி, அளவைக் கேட்டு, லேபலில் எழுதியபடி மட்டும் கலக்குங்கள். வீட்டுக்குள் அடிக்காதீர்கள். முற்றத்தில், நிழலில், பின்னேரம், கையுறை போட்டு அடியுங்கள். குழந்தைகளும் கோழிகளும் கிட்ட வரக்கூடாது. கந்தகத் தூளைச் சிலர் சொல்வார்கள். அதுவும் சிற்றுண்ணியைக் கொல்லும்தான். ஆனால் 30 பாகைக்கு மேலே இலையைக் கருக்கிவிடும், எங்கள் ஊரில் அது வருடத்தில் பெரும்பகுதிக்கும் பொருந்தாது. கந்தகமும் வேப்பெண்ணெயும் இரண்டு வாரத்துக்குள் ஒரே செடியில் சேரவே கூடாது.

இதழில் மஞ்சள் பொடி சிந்தியிருக்கிறது

பூவின் நடுவில் இரண்டு மஞ்சள் மகரந்தப் பைகள் இருக்கும். நல்ல செடியில் அவை மூடியே இருக்கும், பொடி தானாகச் சிந்தாது. இதழில் பொடி தூவியிருந்தால் இலைப்பேன் பையைக் கிழித்துச் சாப்பிட்டிருக்கிறது. பூவுக்குள் மெல்ல ஊதிப் பாருங்கள். மூச்சின் சூட்டுக்கு மெல்லிய கோடு மாதிரிப் பூச்சிகள் வெளியே ஓடும். வெள்ளைத் தாளில் பூவைத் தட்டினாலும் தெரியும். இலையில் வெள்ளிக் கீறல்களும் கறுப்புப் புள்ளிகளும் இருந்தால் கூட்டம் பெருகிவிட்டது.

இதற்கு நல்ல செய்தி இருக்கிறது. மருந்தில்லாமலே பெரும்பகுதியை அடக்கலாம். எல்லாப் பூவையும் மொட்டையும் எடுத்து, 8 வாரம் புதிதாக வருகிற மொட்டையும் கிள்ளிக்கொண்டே இருங்கள். உணவும் மறைவிடமும் போய்விடும். முட்டை இலைக்குள் இருக்கும், குஞ்சு செடியில் இருக்கும், கூட்டுப்புழு மண்ணுக்குள் விழுந்து கிடக்கும். ஆகவே மேலே மட்டும் ஒரு தடவை மருந்தடித்து விட்டால் அடுத்த வாரம் திரும்பி வரும். சூட்டில் ஒரு தலைமுறை இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். அடிப்பதானால் 5, 6 நாளுக்கு ஒரு தடவையாக மூன்று நான்கு தடவை அடிக்க வேண்டும். ஸ்பினோசாட் கலந்த மருந்து இதற்கு நல்லது. மஞ்சள் அல்லது நீல ஒட்டும் அட்டையைச் செடிக்குப் பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் பிடிக்காது, ஆனால் எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்று அது காட்டும்.

மிளகாய், வெங்காயம், பயறு எல்லாவற்றிலும் இலைப்பேன் உண்டு. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் தோட்டப் பக்க யன்னலில் வயலட் வைத்தால், தனிமைப்படுத்தி வைத்த செடிக்கும் வெளியிலிருந்து வந்து சேரும். சாமிப்படத்துக்குப் பறித்த பூவையும் அந்த அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது

எங்கே என்று பாருங்கள்.

இலைக்காம்பின் அடியில், இலை தண்டோடு சேரும் மூலையில் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. பப்பாசியிலும் செவ்வரத்தையிலும் வெள்ளையாகப் படிகிற அதே குடும்பம். எறும்பு சாடியில் ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக வருகிற எறும்பு அதை இடம் மாற்றியும் வைக்கும். சாடியின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்து, நடுவில் கல்லின் மேல் சாடியை நிறுத்தினால் எறும்பு ஏறாது.

பாமசியில் விற்கும் 70 சதவீத ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, ஒவ்வொரு பூச்சியையும் தொட்டு எடுங்கள். ஒரு பஞ்சுப் பையில் நூற்றுக்கணக்கான முட்டை இருக்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவை, நான்கு வாரம் செய்யுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் பரீட்சித்து, மறுநாள் கருகவில்லை என்றால் தொடருங்கள். பொறுமையோடு செய்தால் இதில் செடியை நிச்சயம் மீட்கலாம், எறிய வேண்டியதில்லை.

இலையின் மேலும் இதழிலும் மாவு தூவினாற்போல் மெல்லிய படலமாக, துடைத்தால் போகிற மாதிரி இருந்தால் அது சாம்பல் நோய், பூஞ்சணம். மாரி மாதங்களில் காற்றோட்டமில்லாத அறையில் வரும். தொற்றிய பூவையும் இலையையும் எடுத்து, காற்றோட்டம் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

சாடியின் விளிம்பில் வெள்ளை ஓடு மாதிரிப் படிந்திருந்தால் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு உப்பு. ஒரு துளி வினாகிரி விட்டால் நுரைக்கும். பூச்சி இல்லை. ஆனால் அந்த உப்பு படும் இடத்தில் இலைக்காம்பு வெந்து அழுகும், ஆகவே விளிம்பைத் துடைத்து, மழைத்தண்ணீருக்கு மாறுங்கள். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் ஒரு சில வயலட்டுக்குக் கோடை முழுவதும் காணும்.

மண்ணில் சின்ன ஈ பறக்கிறது, அல்லது ஏதோ துள்ளுகிறது

தண்ணீர்த் தட்டில் வெள்ளையாகத் துள்ளுபவை செடியை ஒன்றும் செய்யாது, விடுங்கள். கறுப்பாக, நுளம்பைவிடச் சிறியதாகப் பறப்பதன் புழுதான் ஈர மண்ணில் இளம் வேரைக் கடிக்கும். பச்சை உருளைக்கிழங்குத் துண்டொன்றை மண்மேல் இரண்டு நாள் வைத்துத் திருப்பிப் பாருங்கள், கறுத்தத் தலையோடு கண்ணாடி மாதிரிப் புழுக்கள் கூடியிருக்கும். துண்டை எறிந்து, புதியதை வையுங்கள். மேல்மண்ணைக் காயவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள், மேலே ஒரு சென்ரிமீற்றர் உமிக்கரி பரப்புங்கள். அது போதும்.

இலையில் மஞ்சள் வளையங்கள்

பூச்சி இல்லை. இலைக்கும் தண்ணீருக்கும் வெப்பம் வித்தியாசமாக இருந்தால் இப்படி வளையம் விழும். கூரைத் தாங்கியிலிருந்து மத்தியானம் வருகிற சுடுதண்ணீரோ, விடியற்காலையில் இழுத்த கிணற்றுத் தண்ணீரோ இலையில் பட்டிருக்கும். முதல் நாள் இரவே ஒரு வாளித் தண்ணீரைச் செடி இருக்கும் அறையிலேயே வைத்து, மறுநாள் அதை ஊற்றுங்கள். விழுந்த வளையம் மறையாது, புதிய இலை சுத்தமாக வரும்.

இலை வெளிறி, புள்ளி புள்ளியாக, அல்லது பிசுபிசுப்பாக

பிசுபிசுப்பு என்றால் அழுக்கணவனோ வெண்ணீயோ மாவுப்பூச்சியோ. இலையைத் திருப்பினால் எது என்று தெரியும். இளஞ்சூட்டுத் தண்ணீரால் இலையின் இரு பக்கமும் கழுவுங்கள். வயலட் இலை நனையக்கூடாது என்பது முழு உண்மையில்லை. நனைந்தபின் வெயில் படக்கூடாது, நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கக்கூடாது, அவ்வளவுதான். துணியால் நடுவை ஒற்றி எடுத்து, நிழலில் உலரவிடுங்கள்.

பிசுபிசுப்பில்லாமல் ஊசி குத்தினாற்போல் மங்கல் புள்ளிகள் நிறைந்து, அடிப்பக்கம் தூசி மாதிரி இருந்தால் சிவப்புச் சிற்றுண்ணி. வறண்ட கச்சான் காலத்தில் வரும். இதுவும் கழுவலுக்குப் பெரும்பாலும் கட்டுப்படும்.

கழுவியும் போகாதவற்றுக்கு வேப்பெண்ணெய்: ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெய், அதைக் கரைக்க ஒன்றிரண்டு மில்லிலீற்றர் மென்மையான திரவ சவர்க்காரம். நன்றாகக் குலுக்கி அன்றைக்கே பாவிக்க வேண்டும். பொழுது சாய்ந்த பிறகு அடியுங்கள். வயலட் இலையின் மயிர் எண்ணெய்த் துளியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த நாள் வெயில் பட்டால் அந்த இடம் கருகும். பாத்திரம் கழுவும் கடும் சோப்பு, அடுப்புச் சாம்பல், மஞ்சள் தூள் எதையும் இலையில் போடாதீர்கள். மயிருக்குள் சிக்கி வெளியே வராது. புகையிலைத் தண்ணீர் ஊறவைத்து அடிக்கும் வழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு. அதில் இருக்கும் நிக்கொட்டின் மனிதருக்கும் நஞ்சு, தோல் வழியாகவும் உடலில் ஏறும். குழந்தைகள் நடமாடும் வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம்.

மற்றச் செடிகளோடு எப்போது சேர்க்கலாம்

தனிமைக் காலம் முடிந்ததும் மூன்றைப் பாருங்கள். நடுவில் வந்த புதிய இலைகள் மிருதுவாக, விரிந்து, நிறம் மாறாமல் இருக்க வேண்டும். ஒரு பூவை விரியவிட்டு ஊதிப் பார்க்கும்போது எதுவும் ஓடக்கூடாது. சாடியைக் கழற்றினால் வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். மூன்றும் சரி என்றால் சேர்த்து வையுங்கள். ஒன்றில் சந்தேகம் வந்தாலும் இன்னும் ஒரு மாதம் அந்த அறையிலேயே இருக்கட்டும். இடையில் மருந்து அடித்திருந்தால், கடைசியாக அடித்த நாளிலிருந்து 6 வாரத்தைத் திரும்ப எண்ணுங்கள்.